நலம். தக்காளி காய்த்திருக்கிறது

உங்களுக்குக் கட்டோட பிடிக்காத ஒரு ஆளுக்கு வாரா வாரம் போன் போட்டு, "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, என்ன படிக்கிறீங்க"ன்னு அன்பாக் கேக்கணும்னு ஆபீஸ்ல சொன்னா, நீங்க கேப்பீங்களா? கேப்பேன்னு சட்டுன்னு சொல்லிராதீங்க. அந்த ஆளு உங்க கூடப் பொறந்தவரா இருந்தா?

கவுன்ட்டர் அக்கா கேக்கலை. கதைன்னு பார்த்தா அவ்வளவுதான்.

அந்த அக்கா யூனிவர்சிட்டி லைப்ரரில ஒண்ணாம் நம்பர் கவுன்ட்டர். நான் அதே லைப்ரரில கீழ்த்தளத்துல புத்தகம் கட்டுற, தூக்குற வேலை. என்னை எல்லாரும் பார்சல்னுதான் கூப்பிடுவாங்க. அக்கா வீட்டு மொட்டைமாடி ரூம்லதான் வாடகைக்கு இருந்தேன். எனக்குச் சொந்த ஊரு ரெண்டு நாள் ரயில் தூரம். ரயில் நின்னு போனதும் ஊரும் நின்னு போச்சு. ஓட்டல் எல்லாம் மூடினப்புறம் அக்கா வீட்டுலதான் சோறு. அதனால அந்த வீட்டுல நடந்த எதையும் நான் பார்க்கலைன்னு சொல்ல முடியாது.

வீட்டுல மூணு பேரு. அக்கா, அக்காவோட வீட்டுக்காரர், பொண்ணு. வீட்டுக்காரர் யூனிவர்சிட்டி கேட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தார். கடையும் மூடி, பசங்களும் போனதும் மனுஷன் வீட்டுலயே லுங்கியோட உக்காந்து எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தார். பொண்ணு காலேஜ் முதல் வருஷம். பேரு வேற என்னவோ, வீட்டுல குட்டி. பாடமெல்லாம் போன்லதான். ஒரு போன் அவளுக்கு, ஒரு போன் லைப்ரரி குடுத்தது, அது அக்கா கையில.

தொற்று வந்து லைப்ரரியைப் பூட்டின மறு வாரமே எங்க தலைமை மேடம் ஒரு திட்டம் போட்டாங்க. மேடம் நல்லவங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். கட்டடத்தைத்தான் பூட்டியிருக்கோம், லைப்ரரியைப் பூட்டலைன்னாங்க. புத்தகம் கேக்கறவங்களுக்கு வீட்டு வாசல்ல கொண்டு போய் வைக்கணும். திரும்பி வர்ற புத்தகத்தைத் தொடாம தனி அறையில மூணு நாள் வைக்கணும். அதுக்கு மூணு நாள் அறைன்னே பேராச்சு. படிக்கிற ஹாலு நாற்காலியெல்லாம் அங்க கொண்டு வந்து போட்டு, ஒவ்வொரு நாற்காலி மேலயும் நாலஞ்சு புத்தகம், அது மேல வந்த தேதி எழுதின சீட்டு. ஆளு உக்கார வேண்டிய இடத்துல எல்லாம் புத்தகம் உக்காந்திருக்கும். மருந்துத் தண்ணி அடிச்சுத் துடைக்கலாம்னா பழைய துணி அட்டையில சாயம் போயிரும், அதனால சும்மா விட்டுர்றதுதான் வைத்தியம். மூணு நாள் கழிச்சு நான் விசிறி மாதிரி விரிச்சுத் தட்டி, பிரவுன் பேப்பர்ல மடிச்சு, சணல் போட்டுக் கட்டி, அடுத்த ஆளுக்குக் கொண்டு போவேன்.

திட்டத்துல இன்னொரு பாதி இருந்துச்சு. லைப்ரரி கார்டு வெச்சிருக்கறவங்கள்ல தனியா இருக்கறவங்க, ரிட்டயர் ஆனவங்க, ஹாஸ்டல்ல மாட்டிக்கிட்டவங்க, எல்லாரையும் பட்டியல் எடுத்து, வாரம் ஒரு தடவை போன் பண்ணி நலம் விசாரிக்கணும். அதுக்கு மேடம் அன்பு அழைப்புன்னு பேரு வெச்சாங்க. கார்டு நம்பரோட கடைசி இலக்கத்தை வெச்சுப் பிரிச்சாங்க. ஏழுல முடியற நாப்பது பேரு அக்காவுக்கு.

தாள்ல பேருக்கு எதிர்ல ரெண்டு கட்டம், ஒரு கோடு. ஒரு கட்டம் "பேசினேன்". இன்னொரு கட்டம் "எடுக்கவில்லை". கோட்டுல குறிப்பு. எடுக்கவில்லைன்னு டிக் விழுந்தா அந்த விலாசம் மறுநாள் என் சீட்டுக்கு வரும். நான் ஸ்கூட்டர்ல போய்க் கதவைத் தட்டிப் பார்க்கணும். என் சீட்டுலயும் ரெண்டு கட்டம். "நேரில் பார்த்தேன்", "வீட்டில் இல்லை". அந்தச் சீட்டு இல்லாம எங்கயும் போக முடியாது. பாலத்துல போலீஸ் நிக்கும், சீட்டுல எழுதியிருக்கற விலாசத்துக்குத்தான் விடும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் போகணும்னு கேட்டேன். "மாத்திரையும் லைப்ரரி புக்கா?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க.

இன்னொண்ணு சொல்லணும். லைப்ரரி நம்பருக்கு வெளியில இருந்து யாராவது கூப்பிட்டு, லைன் எல்லாம் வேலையா இருந்தா, பதிவு பண்ணின குரல் ஒண்ணு பேசும். அக்காவுக்குக் குரல் நல்ல குரல். முப்பது பேரைப் பேச விட்டுப் பார்த்துட்டு மேடம் அக்கா குரலைத்தான் வெச்சாங்க. "வணக்கம். உங்கள் நூலகம் உங்களுடன் இருக்கிறது. இப்போது எல்லா இணைப்புகளும் பேச்சில் உள்ளன. நீங்கள் தனியாக இல்லை." ஜெராக்ஸ்காரர் வேலையத்த நேரத்துல அந்த நம்பரைப் போட்டுக் கேப்பார். "ஆகா, எங்கிட்ட ஒரு நாளாச்சும் இந்தக் குரல்ல பேசியிருக்கியா"ம்பார்.

இனி அக்காவோட அண்ணன் விஷயம்.

அவர் யூனிவர்சிட்டி ரசாயன லேப்ல சாமான் அறை பார்த்தவர். கண்ணாடிக் குடுவை, குழாய், புனல் எல்லாம் அவர் கையிலதான். எவனாவது ஒரு குடுவையை உடைச்சா பத்து வருஷம் கழிச்சு அவன் வாத்தியாராத் திரும்பி வந்தாலும், "நீதானே அந்த ரெண்டாம் நம்பர் குடுவையை உடைச்ச"ம்பார். அதனால பசங்க வெச்ச பேரே குடுவை. அக்காவுக்கு லைப்ரரி வேலையை வாங்கிக் குடுத்தது அவர்தான். அங்க இங்க நடந்து, ஆளைப் பார்த்து, தங்கச்சிக்கு வாங்கினார். வாங்கினதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். உடைஞ்ச குடுவையை மறக்காத மனுஷன், வாங்கிக் குடுத்த வேலையை மறப்பாரா?

ஆறு வருஷத்துக்கு முன்னாடி அக்கா வீட்டுல ஒரு விருந்து. மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. யாரோ அக்காவைப் புகழ்ந்து, சொந்தக் கால்ல நிக்கிற பொம்பளைன்னு சொல்லியிருக்காங்க. குடுவை தட்டுல இருந்து தலையைத் தூக்காமலே, "நான் இல்லைன்னா எவன் வீட்டுலயாவது பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்திருப்பா"ன்னுட்டார். அக்கா பரிமாறிக்கிட்டு இருந்த கரண்டியைக் கீழ வெச்சுட்டு, "இந்த வாய்க்குத்தான் உன் பொண்டாட்டி கட்டின துணியோட ஓடிப் போனா"ன்னாங்க. இலக்குப் பார்த்து எறிஞ்ச கல்லு மாதிரி இருந்துச்சுன்னு ஜெராக்ஸ்காரர் இப்பவும் சொல்வார். குடுவை எழுந்து கை கழுவினார். வாசல்ல நின்னு, "நான் செத்தாலும் நீ வரக் கூடாது"ன்னார். அக்கா, "வர மாட்டேன், நிம்மதியாப் போ"ன்னாங்க.

அதுக்கப்புறம் ஆறு வருஷம். ஒரே கட்டடம். அவர் ரிட்டயர் ஆனப்புறமும் தினம் காலையில பத்து மணிக்கு லைப்ரரிக்கு வருவார். பேப்பர் படிப்பார், ஒரு புத்தகம் எடுப்பார். எடுத்துட்டு ரெண்டாம் நம்பர் கவுன்ட்டருக்குப் போவார். ரெண்டாம் நம்பர்ல ஆளு இல்லைன்னா புத்தகத்தை எடுத்த அலமாரிலயே வெச்சுட்டு வெறுங்கையோட போயிருவார். அக்கா கம்ப்யூட்டரைப் பார்க்கற மாதிரி அவர் முதுகைப் பார்ப்பாங்க. எனக்குத் தெரியும், எதிர்ல நின்னு புத்தகம் அடுக்கறவன் நான்தானே.

அவர் கார்டு நம்பர் ஏழுல முடிஞ்சுது.

பட்டியல் வந்த அன்னைக்கு அக்கா சாப்பாட்டு மேசையில தாளை விரிச்சு மேல இருந்து கீழ விரலை ஓட்டினாங்க. பாதியில விரல் நின்னுச்சு. ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்துட்டு, "வாங்க மச்சான் வாங்க"ன்னார். வேற ஆளுகிட்ட மாத்திக் குடுத்துரலாமேன்னு நான் கேட்டேன். மாத்தணும்னா மேடம் கிட்டக் காரணம் சொல்லணும், எங்க குடும்பக் குப்பையை நான் ஏன் ஆபீஸ்ல கொட்டணும்னு அக்கா கேட்டாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு.

திங்கக்கிழமை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் முப்பத்தொம்பது பேருக்குப் போன் போட்டாங்க. அக்கா அந்த வேலையை அவ்வளவு நல்லாச் செஞ்சாங்க, அதையும் சொல்லியே ஆகணும். காது மந்தமான கணக்கு வாத்தியாருக்குக் கத்திக் கத்திப் பேசி, அடுத்த நாள் தொண்டை கட்டிக்கிச்சு. ஹாஸ்டல்ல மாட்டிக்கிட்ட ஒரு பையன் அழுதான்னு முக்கால் மணி நேரம் பேசி, அடுப்புல சோறு தீஞ்சு போச்சு. கண்ணு தெரியாத ஒரு அம்மாவுக்கு தினமும் ரெண்டு பக்கம் போன்லயே படிச்சுக் காமிச்சாங்க. முப்பத்தொம்பது பேருக்கும் நெசமாவே அவங்க லைப்ரரியா இருந்தாங்க.

நாப்பதாவது பேருக்கு எதிர்ல, போனைத் தொடாமலே "பேசினேன்"ல டிக் போட்டாங்க. கோட்டுல, "நலம். படிக்கிறார்"னு எழுதினாங்க.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அக்காவும் பார்த்தாங்க. "அவருக்கு என்ன கேடு, குத்துக்கல்லு மாதிரி இருப்பார்"னு சொல்லிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாங்க. நான் சாப்பிட்டேன்.

எடுக்கவில்லைன்னு போட்டிருக்கலாமே அக்கான்னு நான் மெதுவாக் கேட்டேன். போட்டா நீ போய் அவர் வாசல்ல நிப்ப, தங்கச்சி ஆள் அனுப்பிட்டா பாருன்னு அவர் ஊரெல்லாம் சொல்வார், அந்தச் சந்தோஷத்தை நான் அவருக்குக் குடுக்க மாட்டேன்னாங்க. அவரோட வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். ரெண்டாவது வாரம் திங்கக்கிழமை அவர் வீட்டுக்குப் பின் தெருவுல ஒருத்தருக்கு ரெண்டு புத்தகம் குடுத்துட்டுத்தான் வந்தேன். திரும்பினா அவர் தெரு. என் சீட்டுல அந்தத் தெரு இல்லை, நான் திரும்பலை.

அந்த ரெண்டாவது திங்கக்கிழமை குறிப்பு, "நலம். மாடியில் செடி வைத்திருக்கிறார்." மூணாவது திங்கக்கிழமை, "நலம். தக்காளி காய்த்திருக்கிறது."

ஏன் அக்கா இப்படி எழுதறீங்கன்னு கேட்டதுக்கு, ஒரே மாதிரி எழுதினா மேடத்துக்குச் சந்தேகம் வரும்னாங்க. ஜெராக்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். "மச்சானுக்குக் கள்ளிச்செடி கூட முளைக்காது. காய்ச்சது காய்ச்சுது, நம்ம வீட்டுக்கு ஒரு கிலோ அனுப்பச் சொல்லு"ன்னார். குட்டி மட்டும் சிரிக்கலை. "மாமாகிட்ட பேசலையாம்மா நீ?"ன்னு கேட்டா. அக்கா அவளைப் போய்ப் பாடம் பாருன்னு விரட்டிட்டாங்க.

தக்காளிதான் மாட்டி விட்டுச்சு.

புதன்கிழமை தோறும் மேடம் எங்க எல்லாரையும் திரையில கூப்பிட்டுக் கூட்டம் போடுவாங்க. நான் அக்கா போன்லயே ஓரமா உக்காந்து பார்ப்பேன். அந்தப் புதன்கிழமை மேடம் முகமெல்லாம் சிரிப்பு. எல்லா ஊழியர் தாள்லயும் "நலம், நலம்"னுதான் இருக்கு, ஒண்ணாம் கவுன்ட்டர் தாள்லதான் மனுஷங்க இருக்காங்கன்னாங்க. அந்தத் தக்காளிக் குறிப்பைச் சத்தமாப் படிச்சாங்க. தனியா இருக்கற ஒரு ரிட்டயர்டு மனுஷன், முதல் வாரம் படிக்கிறார், ரெண்டாவது வாரம் செடி வெக்கிறார், மூணாவது வாரம் காய்க்குது, இதுதான் சமூகம்னாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நடக்கற வாசகர் வட்டத்துல அந்த மனுஷனை அஞ்சு நிமிஷம் பேச வெக்கணும், பல்கலைக்கழகத்துல இருந்து பெரியவங்கல்லாம் வர்றாங்கன்னாங்க. அக்கா "சரிங்க மேடம்"னாங்க. அந்தப் பதிவுக் குரல்ல சொன்னாங்க.

போனை வெச்சதும் ஜெராக்ஸ்காரருக்கு வாய் சும்மா இருக்கலை. "போடு போனை. ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சே தக்காளி எப்படி இருக்குன்னு கேளு. மனுஷன் பூரிச்சுப் போயிருவார்."

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

"நான் மாஸ்க்கே போட்டுக்கறேன்."

அக்கா சமையல்கட்டுல போய் நின்னுக்கிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி நம்பரைப் போட்டாங்க. தாள்ல பார்த்துப் போடலை. ஆறு வருஷமாகியும் விரலுக்கு நம்பர் தெரிஞ்சுது. முழுசா அடிச்சு நின்னுச்சு. மறுபடியும் போட்டாங்க. அடிச்சு நின்னுச்சு. மூணாவது தடவையும் எடுக்கலைன்னதும் அக்கா முகத்துல ஒரு திருப்தி வந்துச்சு, நான் பொய் சொல்லலை.

"பார்த்தியா தம்பி. லைப்ரரி நம்பர்னு தெரியும். நான்தான்னு தெரியும். உக்காந்து போனைப் பார்த்துக்கிட்டே இருக்கார். அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும்னு."

வியாழக்கிழமை காலையில நாலு தடவை. அன்னைக்குச் சாயங்காலம் குட்டி என் போனை வாங்கிட்டுப் போய் மொட்டைமாடில நின்னு போட்டா. என் நம்பர் அவருக்குத் தெரியாது, எடுப்பார்னு பார்த்தா. அடிச்சுது, எடுக்கலை. கீழ வந்து அவங்க அம்மாகிட்ட சொன்னா. தெரியாத நம்பரை உங்க மாமா என்னைக்கு எடுத்தார், அதுக்கும் திமிர்தான்னு அக்கா வெங்காயம் நறுக்கிக்கிட்டே சொன்னாங்க. ஆனா நறுக்கினது ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருந்துச்சு. அக்கா அப்படி நறுக்கறவங்க இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில போன் அடிக்கவே இல்லை. அணைக்கப்பட்டுள்ளதுன்னு வந்துச்சு.

"அம்மா, எடுக்கவில்லைன்னு டிக் போடும்மா. பார்சல் அண்ணன் நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துரும்."

"அஞ்சு மணிக்குக் கூட்டத்தை வெச்சுக்கிட்டா? மூணு வாரமாப் பேசினேன் பேசினேன்னு போட்டுட்டு, இன்னைக்கு எடுக்கவில்லைன்னு போட்டா, தக்காளி எங்க காய்ச்சுதுன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?"

"கேட்டாக் கேக்கட்டும்."

"மூணு கவுன்ட்டரை ரெண்டாக் குறைக்கப் போறாங்களாம். உனக்கென்ன, நீ கேட்டாக் கேக்கட்டும்ப."

"மாமாவுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

அக்கா கையில இருந்ததை வெச்சுட்டுத் திரும்பினாங்க. "ஆகாது. என்னைத் திட்டாம அவருக்கு உசுரு போகாது."

குட்டி என்னைப் பார்த்தா. நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்த ஒரு டிக் இல்லாம பாலத்தைத் தாண்ட முடியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உண்மைதான். ஆனா மேடத்துக்கு ஒரு போன் போட எனக்குப் பாலம் தாண்ட வேண்டியதில்லை. அதை நான் போடலை. போட்டா அக்கா வேலை என்னாகும், என் சோறு என்னாகும்னு ரெண்டையும் ஒண்ணா யோசிச்சேன், எதை முதல்ல யோசிச்சேன்னு இப்ப ஞாபகம் இல்லை.

மதியம் அக்கா மேடத்துக்குப் போன் பண்ணி, அந்த மனுஷனுக்குத் தொண்டை சரியில்லையாம், கூச்சமும் படறார், சொல்ல வேண்டியதை எங்கிட்டச் சொல்லிட்டார், நான் எழுதி வெச்சிருக்கேன், நானே படிச்சுர்றேன்னாங்க. மேடத்துக்கு அது இன்னும் பிடிச்சுப் போச்சு. வாசகரோட வார்த்தை, நூலகரோட குரல்னாங்க.

அக்கா ஒரு தாள்ல எழுதினாங்க. தக்காளி விதையை எப்படிக் காய வெச்சேன், பழைய வாளில எப்படி மண்ணு போட்டேன், லைப்ரரி புத்தகத்தைப் பார்த்து எப்படித் தண்ணி விட்டேன்னு அரைப் பக்கம். அவங்க எழுதும்போது ஜெராக்ஸ்காரர் பக்கத்துல உக்காந்து, எத்தனை நாள்ல காய்க்கும்னாவது யாரையாவது கேளு, மூணு வாரத்துல காய்ச்சா அது தக்காளி இல்லை, மாயமந்திரம்னார். அக்கா அடிச்சுட்டு, நாத்தா வாங்கினேன்னு மாத்தினாங்க.

அஞ்சு மணிக்கு அக்கா தலை சீவி, நல்ல புடவை கட்டி, புத்தக அலமாரி மாதிரி தெரியணும்னு குட்டியோட பாடப் புத்தகத்தையெல்லாம் பின்னாடி அடுக்கி உக்காந்தாங்க. போனை ரெண்டு டப்பா மேல சாய்ச்சு வெச்சாச்சு. நூத்துப் பதினாறு பேரு வந்திருந்தாங்க. திரையில சின்னச் சின்னச் சதுரமா மூஞ்சிங்க. கணக்கு வாத்தியாரு காதுல கை வெச்சுக்கிட்டு இருந்தார். ஹாஸ்டல் பையன் பல்லு தெரியச் சிரிச்சான். மேடம் பேசி, பெரியவங்க பேசி, அக்கா முறை வந்துச்சு. குட்டி தாளைப் போனுக்குப் பக்கத்துல கண்ணு மட்டத்துக்குப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் கதவோரம்.

அக்கா தக்காளியை எல்லாம் நல்லாப் படிச்சாங்க. வாளி, மண்ணு, தண்ணி. அரைப் பக்கம் முடிஞ்சுது. நன்றி சொல்லி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனா நிறுத்தலை.

"முப்பது வருஷம் நான் கண்ணாடிச் சாமான் எண்ணினவன்"னாங்க. "எது உடைஞ்சாலும் யாரு உடைச்சதுன்னு கேக்கறதுதான் என் வேலை. வீட்டுலயும் அதையே கேட்டேன். இப்ப தனியா உக்காந்திருக்கேன், கேக்க ஆளில்லை."

குட்டி தாளைத் திருப்பிப் பார்த்தா. பின்பக்கம் வெறுமையா இருந்துச்சு.

"வாரா வாரம் லைப்ரரில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுது. சாப்பிட்டீங்களான்னு கேக்குது. அந்தப் பொண்ணை நான் ஒரு தடவை நாலு பேர் முன்னாடி கேவலமாப் பேசியிருக்கேன். அது பதிலுக்குப் பேசக் கூடாததைப் பேசிருச்சு. ரெண்டு பேரும் அதை வெச்சுக்கிட்டு ஒரே கட்டடத்துல ஆறு வருஷம் முதுகைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சோம். இப்ப அது போன் பண்ணுது, நான் எடுக்கறேன். சாப்பிட்டேன்மான்னு சொல்றேன். அவ்வளவுதான் நாங்க பேசிக்கிறது. அது போதும்."

அக்காவுக்குக் குரல் நடுங்கவே இல்லை. அதே பதிவுக் குரல்தான். கண்ணுல இருந்து மட்டும் தண்ணி ஓடுது, அதுபாட்டுக்கு. நூத்துப் பதினாறு சதுரத்துலயும் கை தட்டினாங்க. சத்தம் இல்லாம கை தட்டறதைப் பார்த்திருக்கீங்களா? இதயம் இதயமாத் திரையில மேல பறந்துச்சு. கண்ணு தெரியாத அந்த அம்மா, "அவர் யாருன்னு சொல்லுங்க, நான் பேசணும் அவர்கிட்ட"ன்னு கேட்டாங்க. மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, "நம்ம சமூகத்துல ஒருத்தர் கூடத் தனியா இல்லை"ன்னாங்க.

போனை அணைச்சாச்சு. ஜெராக்ஸ்காரர் வாயைத் திறந்தார், மூடிக்கிட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்துல அவர் கிண்டல் பண்ணாம விட்டது அந்த ஒரு தடவைதான்னு நினைக்கிறேன்.

"அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் நீயே சொல்லிட்ட"ன்னா குட்டி.

அக்கா புடவைத் தலைப்பால முகத்தைத் துடைச்சாங்க. மேசை டிராயர்ல இருந்து தாளை எடுத்தாங்க. மூணாவது வாரத்துல "பேசினேன்"ல இருந்த டிக்கை அடிச்சாங்க. ரெண்டாவது வாரம், அடிச்சாங்க. முதல் வாரம், அடிச்சாங்க. மூணுக்கும் "எடுக்கவில்லை"ன்னு டிக் போட்டு, கீழ கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினாங்க.

"நாளைக்கு முதல் வீடா அவர் வீட்டுக்குப் போ தம்பி. தங்கச்சிதான் அனுப்பினான்னே சொல்லு. என்ன திட்டுறாரோ, ஒரு வார்த்தை விடாம வந்து எங்கிட்டச் சொல்லணும்."

சரிக்கான்னேன். ஒரு டப்பாவுல நாலு முட்டையும், கொஞ்சம் சர்க்கரையும், துணி மாஸ்க் ரெண்டும் போட்டுக் கட்டிக் குடுத்தாங்க. கடைசியில கூடையில இருந்து மூணு தக்காளி எடுத்து அதுல வெச்சாங்க. அவரே சிரிச்சுருவார்னாங்க.

மறுநாள் காலையில எட்டரைக்கு நான் பாலத்தைத் தாண்டினேன். போலீஸ் சீட்டைப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. அவர் இருந்தது மாடி வீடு. மேல கதவு பூட்டியிருந்துச்சு, குறுக்க ஒரு நாடா கட்டியிருந்துச்சு. மாடில செடி எதுவும் இல்லை. கீழ் வீட்டுல ஒரு தையல்காரம்மா மாஸ்க் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. மிஷினை நிறுத்தாமலே சொன்னாங்க. போன வாரத்துக்கு முந்தின வாரம் திங்கக்கிழமை பூரா இருமல். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்து கூட்டிட்டுப் போச்சு. வெள்ளிக்கிழமை முடிஞ்சு போச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. சொந்தக்காரங்க உண்டான்னு கேட்டாங்க, தங்கச்சி உண்டு, லைன் கிடைக்கலைன்னுட்டோம், அவங்களே எல்லாம் முடிச்சுட்டாங்க. வண்டில ஏறும்போது, தங்கச்சி லைப்ரரில இருக்கா, சொல்லிருங்கன்னார். மூணு தடவை லைப்ரரி நம்பருக்குப் போட்டோம். ஒரு பொம்பளைக் குரல், நீங்கள் தனியாக இல்லைன்னு சொல்லிட்டு வெச்சுருச்சு. இந்தப் புதன், வியாழன் ரெண்டு நாளும் பூட்டின வீட்டுக்குள்ள அவரோட பட்டன் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு.

தேதி தாண்டிருச்சு, குடுத்துருங்கன்னு வண்டி ஏறும்போது அவர் அந்தம்மாகிட்ட விட்டுட்டுப் போன லைப்ரரி புத்தகம் ஒண்ணைப் பையில போட்டுக் குடுத்தாங்க. நான் டப்பாவை அந்தம்மாகிட்டயே குடுத்துட்டேன். சீட்டுல இருந்தது ரெண்டே கட்டம். "வீட்டில் இல்லை"ல டிக் போட்டேன். ஒம்பது மணியில இருந்து அக்கா நாலு தடவை போன் பண்ணினாங்க. நான் எடுக்கலை. லைப்ரரிக்குப் போய், அந்தப் புத்தகத்தை மூணு நாள் அறையில ஒரு காலி நாற்காலில வெச்சு, சனிக்கிழமைன்னு தேதி எழுதின சீட்டை அது மேல வெச்சேன்.